பாதையும் பந்தயமும்

விரைவை விரும்புதல் மக்களின் இயல்புகளுள் ஒன்று. நடை பயின்ற குழந்தை மறுநாளே ஓட முயல்கிறது. குதிரையேற்றம் கற்றவன், தன் குதிரை பிறன் குதிரையை முந்துமா என்று பார்க்க விழைகிறான். ஓடம் செலுத்துவோரும், மாட்டு வண்டி ஓட்டுவோரும் இவ்வேட்கைக்கு விலக்கானவர் அல்லர். ஆயினும், இன்பம் தரும் விரைவே இடரையும் உடன் கொண்டு வருகிறது. அவ்விடர் ஓட்டுகின்றவனோடு அமையுமாயின் அதனை அவனது துணிவு எனலாம். வழியில் நிற்கும் பிறரையும் அது தாக்குமாயின், அதனைத் துணிவு என்று பாராட்டி அமைதல் அறமாகாது. இவ்வேறுபாட்டை மேலை நாட்டார் உணர்ந்து கொள்வதற்குப் பல உயிர்களை விலையாகக் கொடுக்க நேர்ந்தது. மோட்டார் வண்டி தோன்றிய புதிதில், ஊர்களை இணைக்கும் பொதுச்சாலைகளிலே நடைபெற்ற பந்தயங்களின் வரலாறே அது.

பந்தயத்தின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், குதிரையின்றித் தானே ஓடும் வண்டியை மக்கள் வியப்போடும் ஐயத்தோடும் நோக்கினர். அது வழியில் நின்றுவிடும் என்றனர் சிலர். வெடித்துவிடும் என்றனர் வேறு சிலர். இவ்வையத்தைப் போக்கக் கருதிய பாரிசு நகரத்து நாளிதழ் ஒன்று, 1894 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22 ஆம் நாள், பாரிசிலிருந்து ரூவன் நகர்வரை ஏறத்தாழ 126 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு போட்டியை நடத்தியது. பெயர் கொடுத்தோர் 102 பேர். புறப்பட்ட வண்டிகளோ 21 தான். இடரின்றி ஓடவேண்டும், எளிதில் செலுத்தத் தக்கதாய் இருக்கவேண்டும், செலவு மிகாதிருக்க வேண்டும் என்பனவே அப்போட்டியின் விதிகள். தெ தியோன் என்னும் பிரபுவின் நீராவி வண்டி முதலில் ரூவனை அடைந்தது. எனினும், அதனை ஓட்டுதற்கு ஒருவரும் நெருப்பூட்டுதற்கு மற்றொருவரும் வேண்டியிருந்தமையால் முதற்பரிசு அதற்குக் கிட்டவில்லை. பெட்ரோலால் இயங்கிய பெழோ, பனார் என்னும் இருவகை வண்டிகள் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டன. முந்தி வந்ததற்குப் பரிசு இல்லை. நன்கு வந்ததற்கே பரிசு. தொடக்கத்தில் நிலவிய இந்நன்னெறி நெடுநாள் நிலைக்கவில்லை.

அடுத்த ஆண்டே, பாரிசிலிருந்து போர்தோ நகருக்குச் சென்று மீண்டும் பாரிசுக்கே திரும்பும் பெரும்பந்தயம் நடைபெற்றது. தொலைவு 1178 கிலோமீட்டர். அதில் எமில் லவசோர் என்பார் தாம் உருவாக்கிய வண்டியைத் தாமே செலுத்தினார். வழியில் அவருக்கு மாற்றாக ஓட்டவேண்டியவர், இவர் இத்துணை விரைவில் வந்து சேர்வார் என எதிர்பாராது உறங்கிக் கிடந்தார். லவசோர் அவருக்காகக் காத்திராமல் தாமே தொடர்ந்து ஓட்டினார். இரண்டு பகலும் இரண்டு இரவும் கடந்து, 48 மணி 48 நிமிடத்தில் அவர் பாரிசை அடைந்தார். அவரது சராசரி விரைவு மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டரே. இன்று மிதிவண்டி வீரர் எளிதில் எய்தும் விரைவு அது. ஆயினும், ஓய்வின்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரு பொறி இயங்கியது என்பதே அன்று உலகை வியப்பில் ஆழ்த்திய செய்தியாகும்.

பந்தயத்தால் விளைந்த நன்மை

இப்பந்தயங்கள் வீண் விளையாட்டாக மட்டும் இருந்தில. வண்டியின் குறைகளைக் கண்டு திருத்துதற்கு அவை சிறந்த உரைகல்லாயின. போர்தோப் பந்தயத்தில் மிசலின் உடன்பிறந்தார் இருவர், காற்றடைத்த ரப்பர் டயர் பூட்டிய வண்டியோடு கலந்துகொண்டனர். அவர்களுடைய டயர்கள் வழிநெடுகப் பழுதுற்றன. கண்டோர் நகைத்தனர். ஆனால், சில ஆண்டுகளுக்குள் அந்நகைப்புக்கு இடமின்றி, விரைந்து ஓடும் வண்டிகள் யாவும் காற்றடைத்த டயரையே மேற்கொண்டன. பொறியின் ஆற்றலும், அதனைக் குளிர்விக்கும் முறையும், திசை திருப்பும் அமைப்பும் ஆண்டுதோறும் சீர்பெற்றன. ஒரு பந்தயத்தில் வென்ற வண்டியை வாங்கச் செல்வர் பலர் முன்வந்தனர். ஆகவே தொழிலதிபர் பந்தயத்தை நாடினர். நாளிதழ்கள் அதனைப் புகழ்ந்தன. நாட்டுப் பெருமையும் அதனோடு பிணைந்தது.

இவற்றையெல்லாம் விட, பொதுமக்கள் உள்ளத்தை அது கவர்ந்தமைக்கு மற்றுமொரு காரணம் உண்டு. பிற காட்சிகளைக் காணவேண்டுமாயின், மக்கள் அவை நடைபெறும் இடத்தைத் தேடிச் செல்லவேண்டும்; கட்டணமும் செலுத்தவேண்டும். இப்பந்தயமோ அவர்தம் வீட்டு வாயிலைத் தேடி வந்தது. உழவன் தன் வயலின் வரப்பில் நின்றே, பெருநகரத்துப் பெயர்பெற்ற வீரரைக் காணலாம். தொலைவிலே ஒரு புழுதிப்படலம் எழும். பின் இடியோசை போன்ற ஓர் ஒலி கேட்கும். கண்ணிமைப்பதற்குள் ஓர் உருவம் தோன்றி மறையும். சிற்றூர் மக்களுக்கு இது திருவிழாவினும் சிறந்த காட்சியாயிற்று.

விரைவு பெருகிய விதம்

பந்தயங்கள் மேன்மேலும் நெடியனவாயின. 1901 ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து பெர்லினுக்கும், 1902 ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து வியன்னாவுக்கும் வண்டிகள் ஓடின. வியன்னாப் பந்தயத்தில், பெரிய வண்டிகளையெல்லாம் பின்னிட்டு, மார்செல் ரெனோ என்னும் இளைஞர் தம் சிறிய வண்டியில் வெற்றி பெற்றார். அவரும் அவர்தம் தம்பி லூயி ரெனோவும் சேர்ந்து நடத்திய தொழிற்சாலை அதனால் பெரும்புகழ் எய்தியது.

வண்டிகள் அளவுக்கு மீறிப் பெருத்தலைத் தடுக்கக் கருதிய பந்தயக் குழுவினர், எந்த வண்டியும் 1000 கிலோகிராம் எடைக்கு மேற்படலாகாது என்று விதித்தனர். நல்லெண்ணத்தோடு இயற்றிய இவ்விதி வேறொரு தீமையை விளைத்தது. பொறியாளர் பொறியின் ஆற்றலைக் குறைத்தாரல்லர்; ஏனைய உறுப்புகளின் எடையையே குறைத்தனர். சட்டத்திலே துளைகள் இட்டனர், இருக்கையைச் சுருக்கினர். இவ்வாறு 80, 90 குதிரைத்திறன் கொண்ட பொறிகள், மெலிந்த உடற்கூட்டின்மேல் ஏற்றப்பட்டன. மரக்கம்பிகள் கொண்ட சக்கரமும், ஆற்றல் குறைந்த தடையுமே அவ்வண்டிகளுக்கு இருந்தன. தலையைக் காக்கும் கவசமும், உடலைப் பிணிக்கும் பட்டையும் அந்நாளில் இல்லை. ஓட்டுநரும், அவர் பக்கத்தே அமர்ந்து பொறியைக் கவனிக்கும் துணைவரும் காற்றிலும் புழுதியிலும் திறந்தவெளியில் அமர்ந்து சென்றனர்.

1903 ஆம் ஆண்டுப் பெரும்பந்தயம்

இந்நிலையிலே, பாரிசிலிருந்து ஸ்பெயின் நாட்டுத் தலைநகராகிய மாட்ரிட் வரை 1300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்கு ஒரு பந்தயம் நடத்தத் திட்டமிடப்பட்டது. முதல்நாள் ஓட்டம் பாரிசை அடுத்த வெர்சேல்சு நகரிலிருந்து போர்தோ வரை 552 கிலோமீட்டர். 1903 ஆம் ஆண்டு மே திங்கள் 24 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை வைகறைப்பொழுது அதற்கெனக் குறிக்கப்பட்டது.

முந்தைய இரவு பாரிசு நகரம் உறங்கவில்லை. மிதிவண்டிகளில் காகித விளக்குகளைத் தொங்கவிட்டு, ஆடவரும் மகளிரும் திரள்திரளாக வெர்சேல்சு நோக்கிச் சென்றனர். புறப்படும் இடத்தில் மட்டும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் கூடினர். போர்தோ வரையுள்ள வழியின் இருமருங்கும் நின்றோர் தொகையோ பல இலட்சமாகும். இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொரு நிமிட இடைவெளியில் விடப்பட்டன. முதல் வண்டி புறப்பட்டபோது பொழுது இன்னும் புலர்ந்திலது. மக்கள் சாலையின் நடுவே நின்றனர். வண்டி நெருங்கி வரும்போதே வழிவிட்டனர். அது கடந்ததும், போகின்ற காட்சியைக் காண மீண்டும் நடுவே வந்து கூடினர். பின்னால் அடுத்த வண்டி வருகிறது என்பதை அவர்கள் எண்ணிலர்.

பேரூர்களின் உள்ளே வண்டிகள் விரைந்து செல்லாவண்ணம் ஓர் ஏற்பாடு இருந்தது. ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, மிதிவண்டியில் ஒருவர் முன்னே செல்ல, அவர் பின்னே மெல்லச் செல்லவேண்டும். ஆனால், ஊருக்கும் ஊருக்கும் இடையேயுள்ள நெடுவழியில் எவ்வகைக் காப்பும் இல்லை. வேலி இல்லை, தடுப்பு இல்லை, போதிய காவலரும் இல்லை.

இடரின் காரணங்கள்

அன்று நிகழ்ந்த துன்பங்களின் காரணத்தைச் சற்று ஆராய்தல் வேண்டும். முதலாவது, மக்களின் கண்ணுக்கு அத்தகைய விரைவு பழக்கமில்லாதது. குதிரை வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 4 மீட்டர் செல்லும். மணிக்கு 108 கிலோமீட்டர் விரைந்து வரும் மோட்டார் வண்டியோ ஒரு விநாடியில் 30 மீட்டர் வந்துவிடும். ஒருவர் சாலையைக் கடக்க ஆறு விநாடி ஆகுமெனக் கொள்வோம். அவ்வாறு விநாடிக்குள் குதிரை வண்டி 24 மீட்டர் நெருங்கும். மோட்டார் வண்டி 180 மீட்டரைக் கடந்து அவர்மேல் வந்து மோதும். வாழ்நாள் முழுதும் குதிரையின் விரைவைக் கொண்டே தொலைவை அளந்து பழகிய உழவர், புழுதிக்கப்பால் தோன்றிய புள்ளியைக் கண்டு, 'இன்னும் நேரம் உண்டு' என்று கருதியது இயல்பே.

இரண்டாவது புழுதி. சாலைகள் கருங்கல் சல்லியும் மண்ணும் இட்டுக் கெட்டித்தவை, தார் பூசப்படாதவை. மழையின்றி வறண்டிருந்த அந்நாளில், ஒவ்வொரு வண்டியும் தன் பின்னே ஒரு மேகத்தை எழுப்பிச் சென்றது. பின்வருவோர் வழியைக் காணாது, சாலையோர மரங்களின் உச்சியை நோக்கியே திசையறிந்து ஓட்டினர். மூன்றாவது, சாலையின் அமைப்பு. மழைநீர் வழிந்தோடும்பொருட்டு நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் சரிந்தும், பக்கத்தே வாய்க்காலும் வரிசை மரங்களும் கொண்டும் அவை விளங்கின. மாட்டு வண்டிக்கும் குதிரைக்கும் அவ்வமைப்பு ஏற்றது. பறந்து செல்லும் பொறிக்கு அதுவே கூற்றாயிற்று. நான்காவது, சாலை அனைவர்க்கும் உரியது. அங்கே குழந்தை வரும், நாய் வரும், ஆடும் மாடும் வரும். பந்தயம் என்றொன்று நடைபெறுதலை அவை எவ்வாறு அறியும்?

அந்நாளின் துன்பம்

போனவால் என்னும் ஊரருகே இருப்புப்பாதையைக் கடக்கும் இடத்தில், திருப்பத்தை உணராது வந்த வண்டியொன்று சுவரில் மோதித் தீப்பற்றியது, துணைவர் உயிரிழந்தார். அங்குலேம் நகரருகே ஒரு குழந்தை சாலையில் இறங்கியது. அதனைக் காக்கப் பாய்ந்தோடினார் ஒரு போர்வீரர். ஓட்டுநர் வண்டியைத் திருப்ப முயன்றார். வண்டி கூட்டத்தினுள் புகுந்தது. காக்க ஓடிய வீரரும், வண்டியின் துணைவரும், வேடிக்கை பார்க்க நின்ற ஒருவரும் மாண்டனர். போர்தோவை அணுகிய வேளையில், குறுக்கே வந்த நாயினால் மற்றொரு வண்டி நிலைதடுமாறி மரத்தில் மோதியது. துணைவர் அங்கேயே இறந்தார்; ஓட்டுநரும் சில வாரங்களில் உயிர்நீத்தார்.

வியன்னாப் பந்தயத்தின் வெற்றி வீரராகிய மார்செல் ரெனோவும் அன்று தப்பினாரல்லர். குவே வெராக் என்னும் சிற்றூரருகே, முன்னே சென்ற வண்டியைப் புழுதியினூடே முந்த முயன்றபோது, அவருடைய வண்டியின் சக்கரம் சாலையோரப் பள்ளத்தில் சிக்கியது. வண்டி புரண்டது. அவர்தம் தம்பி லூயி, அண்ணனுக்கு நேர்ந்ததை அறியாது, அனைவர்க்கும் முன்னதாகப் போர்தோவை அடைந்து மக்களின் ஆரவாரத்தைக் கேட்டு நின்றார். பின்னரே செய்தி எட்டியது. உடனே தம் தொழிற்சாலையின் வண்டிகள் அனைத்தையும் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டு அண்ணனிடம் விரைந்தார். மார்செல் இரண்டு நாள் கழித்து உயிர் துறந்தார். அதன்பின் லூயி ரெனோ பந்தயத்தில் வண்டி ஓட்டவே இல்லை.

அவலத்தின் இடையே அருளுள்ளமும் விளங்கியது. அப்பந்தயத்தில் ஓட்டிய கமீய் து காஸ்ட் என்னும் அம்மையார், நல்ல இடத்தில் முன்னேறிச் சென்றுகொண்டிருந்தார். வழியில் போட்டியாளர் ஒருவரின் வண்டி கவிழ்ந்து, அவர் காயமுற்றுக் கிடத்தலைக் கண்டார். உடனே தம் வண்டியை நிறுத்தி, அவருக்கு வேண்டும் உதவி செய்தபின்னரே புறப்பட்டார். அதனால் அவர் மிகவும் பின்தங்கினார். எனினும், அன்றைய ஓட்டத்தில் பெறத்தக்க பெருமைகளுள் தலையாயது அவருடையதே எனல் மிகையாகாது.

விரைவைப் பொறுத்தவரையில் அன்று ஓர் அருஞ்செயலும் நிகழ்ந்தது. காப்ரியேல் என்பார் மிகவும் பின்னே புறப்பட்டு, எண்ணற்ற வண்டிகளை ஒவ்வொன்றாக முந்தி, 552 கிலோமீட்டரை 5 மணி 14 நிமிடத்தில் கடந்தார். சராசரி விரைவு மணிக்கு 105 கிலோமீட்டர். எட்டு ஆண்டுகளுக்கு முன் லவசோர் ஓட்டிய அதே போர்தோச் சாலையில் விரைவு நான்கு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. ஆனால் சாலை மாறவில்லை. அதில் நடக்கும் மக்களும் மாறவில்லை. துன்பம் முழுமைக்கும் வேர் இதுவேயாகும்.

தடையும் திருத்தமும்

துன்பச் செய்திகள் தந்தி வழியே பாரிசை எட்டின. பிரெஞ்சு அரசு பந்தயத்தைப் போர்தோவிலேயே நிறுத்த ஆணையிட்டது. ஸ்பெயின் அரசும் தன் நாட்டில் ஓட்டலாகாது என மறுத்தது. வண்டிகளைச் சாலை வழியே திருப்பி ஓட்டுதற்கும் இசைவு இல்லை. குதிரைகளை வென்றோம் என்று செருக்கிய பொறிகள், குதிரைகளாலேயே இழுக்கப்பட்டு இரயில் நிலையம் சேர்ந்து, இரயிலேறிப் பாரிசுக்கு மீண்டன.

இரண்டு மாதங்கூட நிரம்பவில்லை. அவ்வாண்டு சூலைத் திங்கள் 2 ஆம் நாள் அயர்லாந்தில் கார்டன் பென்னெட் கோப்பைக்கான பந்தயம் நடைபெற வேண்டியிருந்தது. முந்திய ஆண்டு பிரிட்டன் அக்கோப்பையை வென்றமையால் அதனை நடத்தும் பொறுப்பு அந்நாட்டுக்கு உரியதாயிற்று. பிரிட்டனிலோ சாலையில் விரைந்து ஓட்டுதலைச் சட்டம் தடுத்தது. ஆதலின் தனிச்சட்டம் இயற்றி, குறித்த சாலைகளைப் பந்தய நாளில் பொதுமக்களுக்கு அடைத்து, காவலரை மிகுதியாக நிறுத்தி, சுற்றிச்சுற்றி ஓடும் வழியொன்றில் பந்தயத்தை நடத்தினர். ஜெனாட்சி என்பார் வென்றார். உயிரிழப்பு எதுவும் நேரவில்லை. பந்தயம் ஒழிய வேண்டியதில்லை. மக்களையும் பந்தயத்தையும் பிரித்தலே வேண்டும் என்பதை அது காட்டிற்று.

1906 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெமான் நகரை அடுத்து முதலாவது பெரும்பரிசுப் பந்தயம் நடைபெற்றது. 103 கிலோமீட்டர் சுற்றுவழியை அடைத்து, புழுதி எழாதவாறு தார் இட்டு, ஊர்ப்பக்கங்களில் வேலி நிறுத்தி, சிலவிடங்களில் ஊரினுள் நுழையாதிருக்கப் பலகைப் பாதையும் அமைத்தனர். அதில் வென்றவர் சிஸ் என்பார். மாட்ரிட் பந்தயத்தில் லூயி ரெனோவின் பக்கத்தே துணைவராக அமர்ந்து சென்றவர் அவரே. மறு ஆண்டில் இங்கிலாந்தில் புரூக்லாந்து என்னுமிடத்தில், பந்தயத்திற்கென்றே கான்கிரீட்டாலாகிய தனித்தடம் திறக்கப்பட்டது.

மறந்த பாடம்

கற்ற பாடத்தை உலகம் முற்றும் கடைப்பிடித்ததன்று. இத்தாலி நாட்டில் 1927 ஆம் ஆண்டு முதல் 'ஆயிரம் மைல்' என்னும் பெயரால், ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் தொலைவுக்குப் பொதுச்சாலைப் பந்தயம் நடைபெற்று வந்தது. 1957 ஆம் ஆண்டு மே திங்களில், ஒரு வண்டியின் டயர் வெடித்து அது மக்கள் நடுவே பாய்ந்தது. ஓட்டுநரும் துணைவரும், குழந்தைகள் ஐவர் உள்ளிட்ட பொதுமக்கள் ஒன்பதின்மரும் மாண்டனர். அதன்பின் அப்பந்தயம் பழைய வடிவில் நடைபெறவில்லை. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரான்சு கற்ற பாடத்தை இத்தாலி மீண்டும் கற்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைத்துப் பின்னர்க் கைவிடப்பட்ட விமானத்தளமே 1950களிலிருந்து பந்தயக் களமாகப் பயன்பட்டது. பின்னர் 1990 ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்தது. அரசின் எழுத்துமூல இசைவின்றிப் பொதுவிடத்தில் பந்தயம் ஓட்டுதலை 1988 ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் குற்றம் என விதிக்கிறது.

முடிவுரை

இளங்கன்று பயமறியாது என்பது பழமொழி. அச்சமின்மை இளமைக்கு அழகே. லவசோரின் உழைப்பும், காப்ரியேலின் திறமையும் போற்றத்தக்கனவே. அத்தகையோர் முயன்றிராவிடில் இன்றைய ஊர்திகள் இத்துணைச் செம்மை எய்தியிரா. ஆயினும், பந்தயத்தில் ஓட்டுகின்றவன் தன் இடரைத் தானே அறிந்து ஏற்கிறான். அங்குலேம் சாலையில் இறங்கிய குழந்தை எந்த இடரையும் ஏற்றுக்கொள்ளவில்லை. தன் ஊர்ச் சாலையில் கால் வைத்தது, அவ்வளவே.

சாலை என்பது ஒருவர் உடைமை அன்று. முதியோர் தடியூன்றிச் செல்வதும், சிறார் பள்ளிக்குச் செல்வதும், உழவர் விளைபொருள் கொண்டு செல்வதும் அதன் வழியேதான். இரவில் ஆளற்ற நெடுஞ்சாலையில் நண்பரோடு போட்டியிட்டு வண்டியை விரட்டும் இளைஞன், தன் துணிவை மட்டும் பந்தயமாக வைக்கவில்லை. எதிரே வருவோர் உயிரையும் அவரைக் கேளாமலே பணயமாக வைக்கிறான். விரைவுக்கு உரிய இடம் பந்தயத் தடம். பொதுச்சாலைக்கு உரிய பண்பு பொறுமை. இரண்டையும் பகுத்தறிந்து ஒழுகுதலே ஊர்தி ஓட்டுவோர்க்குரிய முதற்கடமையாகும்.